நான் பார்க்காத எட்டாவது மூலை

2023, மே மாதம் 17, புதன்கிழமை. பகல் 12 மணி 41 நிமிடம். நிழலில் 41 டிகிரி. வானத்தில் மேகம் இல்லை. மேற்கிலிருந்து அனல்காற்று விட்டு விட்டு வீசியது. வீசும்போது ஜீப் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருந்தது.

இதில் வெயிலும் காற்றும் அன்று என் நோட்டில் இல்லை. நோட்டில் இருந்தவை தேதி, நேரம், பேட்டரி எண், பறந்த நிமிடம், பார்த்த ஆள், பார்த்த ஆடு மாடு. மற்றவற்றை ஆபீஸ் மாடியில் இருந்த வானிலைக் கருவியிலிருந்து ஆறு நாள் கழித்து, விசாரணைக்காக எடுத்து எழுதினேன். பறப்பதற்கு முன் எழுதியிருக்க வேண்டியவை. இந்தக் கட்டுரையின் பாதி விஷயம் இவ்வளவுதான்.

இப்போது சுரங்கத்தில் டிரோன் ஓட்ட வந்திருப்பவர்கள் ஆறு பேர். அவர்களில் நான்கு பேர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். கேட்காத இரண்டு பேர்தான் முக்கியமாகப் படிக்க வேண்டும்.

அரியலூர்ப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருபத்தொன்பது வருடம் சர்வேயராக இருந்தேன். கடைசி இரண்டு வருடம் டிரோன். எதையும் எண்ணாமல் இருக்க என்னால் முடியாது. மாடி ஏறினால் படியை எண்ணுவேன். ஜெயங்கொண்டம் பஸ்ஸில் ஏறினால் வேகத்தடைகளை எண்ணுவேன். என் மனைவி இதை வியாதி என்பாள். சர்வே வேலைக்கு உதவுகிற வியாதி என்று நான் பதில் சொல்வேன். அந்தப் பதிலை அந்த மே மாதத்துக்குப் பிறகு சொல்லவில்லை.

டிரோனில் என் வேலை படம் பிடிப்பதோ வரைபடம் போடுவதோ மட்டும் அல்ல. பகல் ஒரு மணிக்குப் பாறையில் வெடி வைப்பார்கள். அதற்கு முன் பள்ளத்தைச் சுற்றி ஐநூறு மீட்டருக்குள் மனிதர் யாரும் இல்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். வழிகளில் கொடியோடு காவலர்கள் நிற்பார்கள். ஆனால் மண்மேடுகளுக்குப் பின்னால் அவர்களுக்குக் கண் எட்டாது. அதற்காகத்தான் டிரோன். சுற்றிலும் எட்டு இடங்களைக் குறித்துவைத்து மூலை என்று பெயர் கொடுத்திருந்தேன். முதல் மூலை மேற்கே, என் ஜீப்புக்குப் பக்கத்தில். எட்டாவது மூலை வடகிழக்கே, உயரமான பழைய மண்மேட்டுக்கு அந்தப் பக்கம். ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்து, வாக்கி டாக்கியில் "கிளியர்" என்பேன். வெடிக்கு அதிகாரம் பெற்றவரை பிளாஸ்டர் என்போம். என் சொல்லைக் கேட்ட பிறகுதான் அவர் பித்தானை அழுத்துவார்.

எங்கள் பிளாஸ்டர் அந்தோணிசாமி. ஏலாக்குறிச்சிக்காரர். பதினெட்டு வருடப் பழக்கம். அழுத்தும் முன் ஒவ்வொரு நாளும் சிலுவை போட்டுக்கொள்வார். "இத்தனை வருஷமா போடுறியே, ஒரு நாள் மறந்தா என்ன ஆவும்?" என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க ஒரு நாள் எண்ணாம இருந்து பாருங்க சார், அப்ப சொல்றேன்" என்றார்.

முந்தின வருடம் ஜூலையில் இந்தச் சோதனை தொடங்கியது. மே 16 வரை இருநூற்றுப் பன்னிரண்டு முறை பறக்கவிட்டேன். அதாவது அந்த டிரோனுக்கு அது முதல் கத்திரி. இதை அப்போது நான் நினைக்கவில்லை.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் ஒரு பெண். என் மகளைவிட நான்கு வயது சின்னவர். ஐம்பத்தேழு வயதில் நான் அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் பாடத்தைவிடக் கேள்விகள் அதிகம் கேட்பார். எந்த ஊர் என்று என்னைக் கேட்டார். அரியலூர் என்றேன். பக்கத்தில் மலை இருக்கிறதா என்றார். பெரம்பலூருக்கு மேற்கே, வேப்பந்தட்டைக்கு அந்தப் பக்கம் பச்சைமலை என்றேன்.

"சார், டிரோன் காத்தக் கீழ தள்ளித்தான் மேல நிக்குது. உயரம் போகப் போக காத்து மெலிசாவும். வெயில் ஏற ஏறவும் மெலிசாவும். உங்க ஊர்ல மே மாச மதியம் பறக்குறது, பச்சமல உச்சியில குளிர்ற காலையில பறக்குற மாதிரி. நீங்க தரையிலதான் நிப்பீங்க. டிரோனுக்கு மட்டும் மலை."

நன்றாகச் சொன்னார் என்று எல்லோரும் சிரித்தோம். நான் எழுதிக்கொண்டேன். தேர்வில் அந்தக் கேள்வி வந்தது. அதற்கு முழு மதிப்பெண். மொத்தத்தில் ஐம்பதுக்கு நாற்பத்தேழு எடுத்தேன்.

பறக்கும் நோட்டில் வெப்பநிலை, காற்று, உயரம் மூன்றுக்கும் மூன்று கட்டம் போடச் சொல்லியிருந்தார். போட்டேன். முதல் நாற்பது நாள், ஆடி ஆவணியில், ஒழுங்காக எழுதினேன். பிறகு மழைக்காலம் வந்தது. 27, 28, 27, 26 என்று ஒரே மாதிரி எண்கள். காற்று அநேகமாக இல்லை. உயரம் என்றைக்கும் மாறாது. மாறாத எண்ணை எழுதுவது இடத்துக்குக் கேடு என்று தோன்றியது. புது நோட்டில் அந்த மூன்று கட்டங்களை எடுத்துவிட்டு, பார்த்த ஆள், பார்த்த ஆடு மாடு என்று இரண்டு கட்டம் போட்டேன். பக்கம் அழகாக இருந்தது.

அதற்கு முன்பே ஒரு தரம் பச்சைமலை என்னிடம் நேரில் சொல்லிப் பார்த்தது. மலைமேல் ஒரு சாலை அளவைக்காக எங்கள் டிரோனை நான்கு நாள் கேட்டிருந்தார்கள். நானே கொண்டுபோனேன். காலை ஏழு மணி, குளிர். தரையைவிட்டு எழும்பும்போதே சத்தம் வேறாக இருந்தது. விசிறிகள் கூடுதலாகச் சுற்றின. சுமை தூக்குகிறவர் முக்குகிற மாதிரி. கீழே தருகிற நேரத்தைவிட ஒரு நிமிடம் முன்னதாகவே எச்சரிக்கை வந்தது. நான் என்ன செய்தேன்? பேட்டரியில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். மூன்றாம் எண். "மூணு சரியில்லை" என்று எழுதிவைத்து, ஊருக்கு வந்ததும் மூன்றாம் எண்ணை ஓரம் கட்டினேன். காற்றுக்கு எண் ஒட்ட முடியாது. பேட்டரிக்கு ஒட்டலாம். அதனால் பேட்டரிதான் குற்றவாளி ஆயிற்று.

அடுத்து ஸ்பீக்கர். அந்த வருடம் மார்ச் மாதம் டிரோனில் ஒரு சின்ன ஸ்பீக்கரைப் பொருத்தினோம். மேய்ச்சல்காரர்கள் யாராவது எல்லைக்குள் இருந்தால் தலைக்கு மேல் போய் நின்று, போகச் சொல்லி அறிவிக்கும். குரல் என்னுடையது. "வெடி வைக்கிறோம். உடனே வெளியே போங்க." பொருத்திய அன்று காலை ஏழு மணிக்கு அளந்து பார்த்தேன். அந்தச் சுமையோடு பறந்து இறங்க பத்தொன்பது நிமிடம் தாங்கியது. எட்டு மூலையும் பார்த்து இறங்க பதினாறு நிமிடம் போதும். மிச்சம் மூன்று. பத்தொன்பது என்ற அந்த எண்ணை அட்டையில் எழுதி ஜீப் கண்ணாடியில் ஒட்டினேன். காலை ஏழு மணி என்பதை எழுதவில்லை.

ஏப்ரலில் மிச்சம் மூன்று, இரண்டரை ஆயிற்று. பிறகு இரண்டு. மே முதல் வாரம் ஒன்று. ஒவ்வொன்றும் என் கையெழுத்தில் நோட்டில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "பேட்டரி பழசு" என்று எழுதியிருக்கிறேன். பதினொரு இடத்தில்.

ஆறாவது மூலை தென்கிழக்கே. சீமைக்கருவேல மரங்கள் உள்ள புறம்போக்கு. ஏப்ரலில் அங்கே ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். கறுப்புக் குடை, கையில் தொரட்டி, பத்தொன்பது ஆடு. டிரோன் மேலே போய்ப் பேசியதும் அவர் தொரட்டியை உயர்த்தி ஏதோ திட்டினார். திட்டியது எனக்குக் கேட்காது. வாய் அசைவதுதான் தெரியும். பிறகு ஆடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பக்கத்தில் நின்ற காவலர் மறுநாள் சொன்னார். "அஞ்சலைன்னு பேரு சார். 'தட்டான் மாதிரி இருந்துக்கிட்டு என்னா அதிகாரம் பண்ணுது பாரு'ன்னு வையுது. ஒங்களத்தான்."

ஆறாவது மூலையில் மூன்று முறை அவரைப் பார்த்தேன், கடைசியாக மே 16 அன்று. மூன்று முறையும் நோட்டில் இருக்கிறது. ஆள் 1, ஆடு 19. ஆடு ஒன்றுகூடக் குறையவில்லை, கூடவில்லை. எட்டாவது மூலையில் இருநூற்றுப் பன்னிரண்டு நாளும் ஆள் 0, ஆடு 0.

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன்.

12.41க்கு எழும்பியது. அன்று முப்பத்தெட்டு துளைகளில் வெடிமருந்து இறக்கியிருந்தார்கள். முதல் எச்சரிக்கைச் சங்கு 12.45. கடைசிச் சங்கு 12.58. வெடி ஒரு மணிக்கு. பக்கத்து ஊர்களில் முதல் சங்கு கேட்டதும் பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். வெடிச் சத்தம் கேட்டதும் திறப்பார்கள். ஒன்றேகால் வரை சத்தம் இல்லை என்றால், இன்றைக்கு இல்லை போலிருக்கிறது என்று வெளியே வந்துவிடுவார்கள். இதையும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டும். காத்திருப்பதிலும் ஆபத்து உண்டு. இல்லாவிட்டால் நான் அன்று செய்தது வெறும் சோம்பேறித்தனம் என்று முடித்துவிடலாம். அவ்வளவு எளிதாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேற்கிலிருந்து கிழக்கே போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளியது. டிரோன் வேகமாகப் போனது. நல்லது என்று நினைத்தேன். பள்ளத்தின் மேல் போனபோது வெள்ளைப் பாறையிலிருந்து எழும்பிய சூட்டில் தானாக மேலே மிதந்தது. பள்ளத்தின் விளிம்பைத் தாண்டியதும் தொப்பென்று இறங்கித் தடுமாறி நின்றது. திரையில் படம் ஆடியது. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது மூலை. ஆள் இல்லை. ஆறாவது மூலை. கருவேல மரங்கள், ஒரு பிளாஸ்டிக் குடம். ஆள் 0, ஆடு 0. சந்தோஷப்பட்டேன். பேசி விரட்டும் நேரம் மிச்சம் என்று கணக்குப் போட்டேன்.

பத்தொன்பது ஆடு நேற்று இங்கே இருந்ததே, இன்றைக்கு எங்கே போயின என்று கேட்டிருக்க வேண்டியவன் நான். மேய்ச்சல் இல்லாத மே மாதத்தில் ஆடு வீட்டில் இருக்காது. ஆறில் இல்லை என்றால் வேறெங்கோ இருக்கிறது. அது எனக்குத் தோன்றவில்லை. பூஜ்யம் வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

ஏழாவது மூலை முடிந்து எட்டை நோக்கித் திருப்பியபோது, பதினொரு நிமிடம் நாற்பது விநாடியில், டிரோன் திரும்பப்போவதாக அறிவித்தது. எதிர்க்காற்றில் எழும்பிய இடத்துக்கு வந்து சேர இவ்வளவு பேட்டரி தேவை என்று அதுவே கணக்குப் போடும். என்னைவிடச் சரியாகப் போட்டது. மண்மேட்டின் உச்சி திரையின் ஓரத்தில் தெரிந்தது. அந்தப் பக்கம் தெரியவில்லை. இன்னும் நூற்றைம்பது மீட்டர். அதைத் திரும்ப விடாமல் தடுத்து ஓட்டியிருந்தால் எட்டாவது மூலையைப் பார்த்திருப்பேன், டிரோன் திரும்பியிருக்காது. மைன்ஸ் டிரோனைப் போட்டு உடைத்தவன் என்ற பேர் கடைசி வருடத்தில் வேண்டாம் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்தது என்று ஒத்துக்கொள்கிறேன்.

எதிர்க்காற்றில் மெதுவாக, முக்கி முக்கி வந்து 12.55க்கு இறங்கியது. மாற்றுப் பேட்டரி இரண்டு ஜீப்பில் இருந்தன. மூடிய ஜீப்பில், டாஷ்போர்டின் மேல். கையில் எடுக்க முடியவில்லை. மாட்டிப் பார்த்தேன். சூடு அதிகம், ஆறிய பிறகு பறக்கவும் என்று வந்தது. ஆற இருபத்தைந்து நிமிடமாவது ஆகும்.

வாக்கி டாக்கியில் அந்தோணிசாமி.

"சார், சங்கு ஊதி பத்து நிமிசம் ஆவுது. எட்டு என்னாச்சு?"

"பேட்டரி திரும்பிடுச்சு, அந்தோணி."

"அப்ப பாக்கலையா?"

"ஏழு பாத்தாச்சு. எட்டுல என்னைக்கு ஆள் இருந்துருக்கு? இருநூத்திப் பன்னெண்டு தடவ பாத்துருக்கேன். ஒருத்தர் கெடையாது."

"அது நேத்து வரைக்கும் சார். நான் இன்னிக்கி கேக்குறேன்."

பின்னால் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார். தெற்கு வழியில் நின்ற காவலர் வாக்கி டாக்கியில் குறுக்கிட்டு, "எனக்குத் தல சுத்துது சார், சீக்கிரம் முடிங்க" என்றார். மேனேஜர் ஆபீஸிலிருந்து ஒன்றும் சொல்லவில்லை. யாரும் என்னை அவசரப்படுத்தியதாக நான் எழுத முடியாது.

"சார், நிறுத்திடவா? நிறுத்துனா மறுபடி சங்கு ஊதி ஆரம்பத்துலேர்ந்து வரணும். பரவால்ல, சொல்லுங்க."

"வேணாம்."

"அப்ப ஒங்க வாயால சொல்லுங்க. நோட்டு சொல்லுதுன்னு சொல்லாதீங்க."

"கிளியர். போதுமா? கிளியர்."

சிலுவை போட்டிருப்பார். கடைசிச் சங்கு ஊதியது.

ஜீப்பை அனுப்பியிருக்கலாம். பள்ளத்தைச் சுற்றி எட்டாவது மூலைக்குப் போக ஒன்பது நிமிடம். நானே ஒருமுறை அளந்து எழுதிவைத்த தூரம். ஒன்று ஐந்துக்குள் தெரிந்திருக்கும். ஊர்க்காரர்கள் கதவைத் திறக்க அதற்குப் பிறகும் பத்து நிமிடம் இருந்தது. எனக்கு அது மறுநாள்தான் தோன்றியது. கையில் டிரோன் இருப்பவனுக்குக் கால் இருப்பது மறந்துபோகிறது.

ஒரு மணிக்கு வெடித்தது. தரை ஒரு முறை குலுங்கியது. வெள்ளைப் புழுதி எழும்பி, காற்றில் கிழக்கே சாய்ந்தது. புழுதிக்குள்ளிருந்து மண்மேட்டின் சரிவில் ஆடுகள் ஓடி வந்தன. நான் எண்ணினேன். பதினான்கு. எண்ணி முடித்த பிறகுதான், எதை எண்ணினேன் என்பது புரிந்தது. ஆடுகளுக்குப் பின்னால் யாரும் ஓடி வரவில்லை.

அந்தோணிசாமி என்னைவிட முன்னால் ஓடினார். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரை. மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னப் பள்ளத்தில் பழைய தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. சுற்றி நிழல். வெடித்த இடத்திலிருந்து முந்நூற்றுப் பத்து மீட்டர். அஞ்சலை குடையோடு விழுந்து கிடந்தார். தேங்காய் அளவு கல் ஒன்று வலது காலில், முழங்காலிலேயே விழுந்திருந்தது. இரண்டு ஆடு செத்துக் கிடந்தன. மூன்று ஆடு அவருக்குப் பக்கத்திலேயே நின்றன. அவருக்கு நினைவு இருந்தது. "ஆட்ட புடிங்க, ஆட்ட புடிங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெடியில் எப்போதாவது ஒரு கல் தூரம் பறக்கும். அதற்காகத்தான் ஐநூறு மீட்டர். வெடி வைத்தவர்கள் மேல் அதில் குற்றம் இல்லை.

விசாரணையில் நடந்ததைச் சொன்னேன். மறைக்கவில்லை. மறைத்திருந்தாலும் டிரோனின் பதிவில் பதினொன்று நாற்பது என்று இருக்கிறது. ஆனால் சட்டப்படி வெடிக்குப் பொறுப்பு பிளாஸ்டர். ஆறு மாதம் அந்தோணிசாமி வெடி வேலைக்குப் போக முடியவில்லை. கேன்டீனில் எதிரே உட்கார்ந்தபோது சொன்னேன், "என்னாலதான் அந்தோணி."

"ஆமா சார், ஒங்களாலதான்" என்றார். தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நான் இன்னொரு தடவ கேட்டுருக்கணும். அது மட்டும் என்னால." அதற்குப் பிறகு பழையபடி பேசினார், சிரித்தார். எண்ணுவதைப் பற்றிக் கேலி மட்டும் செய்யவில்லை.

அந்த நாலரை நிமிடம் எங்கே போனது என்று கண்டுபிடிக்க என் பயிற்சியாளருக்குப் பதிவுகளை அனுப்பினேன். பத்தொன்பது தர வேண்டியது பதினாலரையில் இறங்கியது. அவர் பார்த்துவிட்டுப் போன் செய்தார். வெயிலில் மெலிந்த காற்று எடுத்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சூடான பேட்டரி ஒரு நிமிடம். மிச்சம் எல்லாம் எதிர்க்காற்றும், பள்ளத்தின் மேலே ஏறி இறங்கிய தடுமாற்றமும். "ஒவ்வொண்ணாப் பாத்தா எதுவுமே பெருசு இல்ல சார். ஒங்க மூணு நிமிச மிச்சத்துக்குள்ள அடங்கிடும். எல்லாம் ஒரே நாள்ல வந்துச்சு." பிறகு தயங்கி, "அந்தக் கட்டத்த ஏன் சார் எடுத்தீங்க?" என்றார்.

பக்கம் அழகாக இருக்கும் என்று எடுத்தேன் என்று சொல்ல முடியவில்லை. இடம் போதவில்லை என்றேன்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். ஏழு மணிக்கு அளந்த எண் ஏழு மணிக்குத்தான் உண்மை. காற்று போகும் திசையில் இருக்கும் தூரமான மூலையை, பேட்டரி முழுதாக இருக்கும்போது முதலில் பாருங்கள். நான் பக்கத்திலிருந்து தொடங்கினேன். இருநூற்றுப் பதின்மூன்று முறையும் எட்டாவது மூலைக்கு மிச்சத்தைத்தான் கொடுத்தேன். எண்கள் மெல்ல மெல்லக் குறைந்தால் பக்கத்தில் ஒரு காரணத்தை எழுதி ஓய்ந்துவிடாதீர்கள். காரணம் எழுதியதும் மனது அடங்கிவிடும், பிறகு தேடாது. பார்க்காத இடத்தைப் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கு நாலு விநாடிகூட ஆகாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

திருச்சி ஆஸ்பத்திரியில் பதினேழாம் நாள் அஞ்சலையைப் பார்க்கப் போனேன். காலை எடுக்காமல் காப்பாற்றிவிட்டார்கள். முழங்கால் மடங்காது என்று சொல்லியிருந்தார்கள். பக்கத்தில் அவருடைய அக்கா இருந்தார். நான் யார் என்று சொன்னதும் அஞ்சலை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தட்டான் ஓட்டுற ஆளா? மேலேர்ந்து பேசுறது ஒங்க கொரலா?"

"ஆமாம்மா."

"நான் என்னமோ சின்ன வயசுக்காரன்னு நெனச்சேன். அந்த அதட்டு அதட்டுனீங்க." அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

"சங்கு கேக்கலியாம்மா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"கேட்டுச்சு சார். மொத சங்கும் கேட்டுச்சு, ரெண்டாவது சங்கும் கேட்டுச்சு. மொதல்லல்லாம் சங்கு கேட்டா அடிச்சுப் புடிச்சு ஓடுவேன். இப்பதான் தட்டான் வருதே. வந்து 'போங்க'ன்னு சொல்லும், அப்ப போவலாம்னு இருந்தேன். ஆடு அப்பத்தான் தண்ணில வாய வச்சுது. நீங்க சொல்லாம வெடிக்க மாட்டீங்கன்னு நெனச்சேன்."

நான் தரையைப் பார்த்தேன். சதுரக் கற்கள். எண்ணவில்லை.

"ஏன் சார் அன்னிக்கி வரல?"

"காத்து சரியில்லம்மா. வெயில். டிரோனால வர முடியல."

"காத்து எங்களுக்கும்தான் சரியில்ல. நாங்க வரலியா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

ஒருவரைக் காப்பாற்ற ஒரு கருவியை வைத்தோம். அவர் தன் காதை நம்புவதை விட்டுவிட்டு அந்தக் கருவியை நம்பத் தொடங்கினார். அப்படி நம்பவைத்த பிறகு அது வராமல் இருந்தால், அந்தக் கருவி முதலிலேயே இல்லாமல் இருந்ததைவிட மோசம். டிரோன் இல்லாத காலத்தில் அஞ்சலை ஓடியிருப்பார். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆஸ்பத்திரிச் செலவையும் நஷ்ட ஈட்டையும் நிர்வாகம் கொடுத்தது. நான் தனியாகப் பணம் கொண்டுபோனபோது அஞ்சலை வாங்கவில்லை. "கம்பேனி குடுத்துச்சு, போதும். ஒங்க காச வாங்குனா ஒங்களத் திட்ட முடியாது" என்றார். பிறகு செத்த இரண்டு ஆட்டுக்கு மட்டும் விலை சொன்னார். இரண்டும் சினை. ஒன்று ஏழாயிரத்து ஐநூறு. கொடுத்தேன். மீதிப் பதினேழு ஆட்டை மேய்க்க ஆள் வேண்டும். மடங்காத காலோடு ஆட்டின் பின்னால் ஓட முடியாது. "ஆளு கூலி மட்டும் குடுங்க சார். நான் நடக்குற வரைக்கும். பசிக்கிற ஆட்டப் பாத்து, காத்துக்கிட்டு இருன்னு சொல்ல முடியாது பாருங்க."

மாதம் ஆறாயிரம் என்று பேசினோம். ஒவ்வொரு மாதமும் முதல் தேதி நானே போய்க் கொடுத்தேன். இடையில் ஓய்வு பெற்றேன். அப்போதும் போனேன். போகும்போதெல்லாம் அவர் வாசலில் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து ஆடு திரும்பும் திசையைப் பார்த்துக்கொண்டிருப்பார். கூலிக்கு மேய்ப்பவர் சரியாக மேய்ப்பதில்லை என்று என்னிடம் குறை சொல்வார். நானும் கேட்டுக்கொள்வேன். எத்தனை குட்டி, எது கறுப்பு, எது சண்டைக்காரி என்று எனக்கு அத்துப்படி ஆயிற்று.

பதினோராவது மாதக் கூலியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு, "அடுத்த மாசம் வராதீங்க சார்" என்றார்.

"ஏம்மா, நடக்க முடியுதா?"

"எங்க? ஆட்ட வித்துட்டேன். நாளான்னிக்கி வண்டி வருது. கூலி ஆளு ஓட்டிக்கிட்டுப் போற ஆடு என் ஆடு மாதிரியே இல்ல. நம்ம சத்தத்துக்குத் திரும்ப மாட்டேங்குது."

இன்னும் ஒரு வருடத்துக்குக் கொடுக்கிறேன், விற்க வேண்டாம் என்றேன். கெஞ்சினேன் என்றே சொல்லலாம். அவர் காப்பி போடச் சொல்லி அக்காவைக் கூப்பிட்டார். குடித்துவிட்டு வந்தேன்.

அதோடு என் செலவு நின்றுவிட்டது. ஆட்டுக்குப் பதினைந்தாயிரம், கூலி அறுபத்தாறாயிரம், ஆக எண்பத்தோராயிரம் ரூபாய்.